அவர் மன்னிப்புக் கேட்டவர்கள்

எங்கள் பாஸ்டர் யாரையும் திட்டியதில்லை. பிள்ளைகள் மேல் கை ஓங்கியதில்லை. சபையை விட்டு ஒருவரைக்கூட விலக்கி வைத்ததில்லை. அப்படியும் ஆம்பூருக்கு வெளியே எங்கள் காலனியில் அவரிடம் பயப்படாத ஆள் கிடையாது. வட்டிக்காரன் வந்தால்கூட முகம் பார்த்துப் பேசுவார்கள். பாஸ்டர் கைகூப்பிக்கொண்டே தெருமுனையில் திரும்பினால், இன்றைக்கு யார் வீட்டுக்கோ என்று எல்லாரும் கதவை ஒருக்களித்துச் சாத்துவார்கள். காரணம் ஒன்றுதான். அவர் மன்னிப்புக் கேட்பார்.

ஒல்லியான மனிதர். சலவை செய்த வெள்ளைச் சட்டை, ஆனால் இஸ்திரி போடமாட்டார். எங்கள் கோயிலில் தேக்கு மரத்தில் செய்த பிரசங்க பீடம் ஒன்று உண்டு. அவர் இருந்த அத்தனை வருஷத்தில் அதில் ஏறி நான் பார்த்ததில்லை. "அவ்ளோ உசரத்துல நிக்கறதுக்கு நான் இன்னா யோக்கியனா?" என்பார். முதல் பெஞ்சுக்கு முன்னால் தரையில் வெறுங்காலோடு நின்றுதான் பிரசங்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பீடத்தில் நிற்கிறவர் பொதுவாகப் பார்ப்பார்; தரையில் நிற்கிறவர் உங்களைப் பார்ப்பார். முதல் பெஞ்சு எப்போதும் காலியாக இருந்தது அதனால்தான்.

கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்குத்தான் உட்காருவார். அதுவரைக்கும் தண்ணீர் ஜக்கைத் தூக்கிக்கொண்டு எல்லாருக்கும் ஊற்றிக்கொண்டு வருவார். இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற நமக்குப் பாஸ்டர் சாப்பிடாமல் நிற்கிறாரே என்று பிரியாணி தொண்டையில் இறங்காது. கடைசியில் அண்டா அடியில் ஒட்டியிருக்கிற குஸ்காவை வாங்கிக்கொண்டு, "எனக்கு இதுவே ஜாஸ்தி" என்பார். மாப்பிள்ளை வீட்டார் பதறிப்போய்க் கறித்துண்டு தேடி ஓடுவார்கள். கல்யாணத்தைப் பற்றி அப்புறம் யார் பேசினாலும், பாஸ்டருக்குக் கறி இல்லாமல் போன கல்யாணம் என்றுதான் பேசுவார்கள்.

அவருடைய பிரசங்கத்தில் 'நீங்கள்' என்ற வார்த்தையே வராது. எல்லாம் 'நான்'தான். "இந்த வாரம் நான் ஒரு பாவம் பண்ணேன்" என்று தொடங்குவார். ஒரு ஞாயிறு இப்படிச் சொன்னார்: "நம்ம சபை வாலிபன் ஒருத்தன், லாரி ஓட்டறவன், குடிச்சிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் சாக்கடையில கெடந்தான். வேட்டி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். அவனுக்காக நான் அழுது ஜெபம் பண்ணியிருந்தா அவன் அங்க கெடந்திருப்பானா? அவன் பாவியில்ல, நான்தான் பாவி." சபையில் லாரி ஓட்டுகிற வாலிபன் ஒருவன்தான். அவன் அம்மா எங்கள் வரிசையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நன்றி கெட்டத்தனமாக இதையெல்லாம் எழுதுகிறேன் என்று யாரும் நினைக்கக் கூடாது. எங்கள் அப்பா வாதம் வந்து வேலூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொந்தக்காரன் ஒருவன்கூட எட்டிப் பார்க்கவில்லை. அக்காவுக்கும் எனக்கும் ஷூ கம்பெனியில் லீவு கிடைக்காது. போனால் கூலி போச்சு. அம்மாவால் ஆளைத் தூக்கிப் புரட்ட முடியாது. பாஸ்டர்தான் தினமும் பஸ் ஏறி வந்து அப்பாவைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டுப் போனார். முகம் சுளிக்காமல் செய்தார். வேலை முடிந்து போன ஒரு நாள் நான் கண்ணால் பார்த்தேன். அதை இன்றைக்கும் மறுக்கமாட்டேன்.

அப்பா தேறி, கைத்தடியோடு முதல் ஞாயிறு கோயிலுக்கு வந்தார். அன்றைக்குப் பாஸ்டர் அழுதார். "இவருக்கு மலம் அள்ற பாக்கியத்தை ஆண்டவர் எனக்குக் குடுத்தார். முதல் நாள் எனக்கு ஓக்காளம் வந்துச்சு. நாத்தம் தாங்காம மூஞ்சத் திருப்பிக்கினேன். அந்தப் பாவத்துக்காக ஐயா கிட்ட இப்ப மன்னிப்பு கேக்கறேன்." வந்து அப்பாவின் காலைத் தொட்டார். எங்கள் அப்பா தோல் பதனிடுகிற ஷாப்பில் மேஸ்திரியாக இருந்தவர். வேட்டியில் ஒரு கறை இருந்தால் வெளியே வரமாட்டார். அன்றைக்கு அந்தச் சபை முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. வீட்டுக்கு வந்து, "இந்த ஆளு என்ன சாக உட்டிருக்கலாம்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

பெரிய வியாழன் அன்று மற்ற சபைகளிலும் பாதம் கழுவுகிறார்கள். ஆண்டவர் சீஷர்களுக்குச் செய்ததை நினைத்து, பன்னிரண்டு பேர் பெயரை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அவர்களும் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் காலைக் கழுவிக்கொண்டு வந்து உட்காருவார்கள். எங்கள் பாஸ்டர் முன்கூட்டிச் சொல்லமாட்டார். வாளியும் துண்டுமாக வந்து, நடுச்சபையில் யார் முன்னாலாவது உட்கார்ந்துவிடுவார். ஒரு வருஷம் தேவதாஸ் மாமா முன்னால் உட்கார்ந்தார். தேவதாஸ் மாமாவுக்கு டேனரியில், சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கித் தோலை மிதிக்கிற வேலை. கோயிலுக்கு வரும்போது ஷூவை வெளியே விட்டாலும் சாக்ஸைக் கழற்றமாட்டார். சக்கரை வியாதி, குளிர் ஆகாது என்று சொல்லிவைத்திருந்தார். பாஸ்டர் அந்தச் சாக்ஸை உருவினார்.

சுண்ணாம்பு தின்ற கால். ரெண்டு விரலுக்கு நகமே இல்லை. குதிகால் வெடிப்பில் ஒரு ரூபாய்க் காசைச் சொருகலாம். பாஸ்டர் அதை இரண்டு கையாலும் உயரத் தூக்கிப் பிடித்தார். "பாருங்க. நல்லா பாருங்க. இந்த மாதிரி கால் இருக்கறவங்க மத்தியில நான் செருப்பு போட்டு நடந்தேனே" என்று தேம்பினார். அப்புறம் அதில் முத்தம் கொடுத்தார். பெண்கள் பக்கம் எல்லாரும் அழுதார்கள். தேவதாஸ் மாமா மட்டும் அழவில்லை. சாக்ஸ் எங்கே விழுந்தது என்று தேடிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் அவர் எங்கள் கோயிலுக்கு வரவில்லை. பேர்ணாம்பட்டில் தெரிந்தவர் இல்லாத ஒரு சபைக்குப் பஸ்ஸில் போய்வந்தார். "வூட்டுல என் கண்ணுக்கே அந்தக் கால காட்டமாட்டாரு" என்று அவர் மனைவி எங்களிடம் சொன்னாள்.

நான் கம்பெனியில் தோல் செக்கிங்கில் இருக்கிறேன். கட்டிங்குக்குப் போகும் முன்னால் தோலை வெளிச்சத்தில் விரித்து, ஓட்டையோ தழும்போ இருந்தால் சில்வர் பேனாவால் வட்டம் போட வேண்டும். வட்டம் போட்ட இடத்தை யாரும் தொடமாட்டார்கள். பாஸ்டர் செய்ததும் அதே வேலைதான். எனக்கு அதற்குச் சம்பளம் உண்டு, அவர் முழங்காலில் நின்று செய்தார்.

தெரிந்தே செய்தாரா என்று எங்கள் வீட்டில் பெரிய சண்டையே நடக்கும். "பாவம், மனுஷன் வெள்ளந்தி" என்பார் அம்மா. "தெரியாம ஒருத்தன் இவ்ளோ கரெக்டா அடிக்க முடியாதும்மா" என்பாள் என் அக்கா எஸ்தர். எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் விட்ட கண்ணீர் மட்டும் நிஜக் கண்ணீர். அதுதான் பேஜார். பொய்க் கண்ணீராக இருந்திருந்தால் நாலு பேர் சேர்ந்து சட்டையைப் பிடித்திருக்கலாம்.

இனி எஸ்தர் அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவளும் ஷூ கம்பெனிதான், ஸ்டிச்சிங் லைன். பிளஸ் டூவில் நல்ல மார்க். டீச்சர் டிரெய்னிங் போக ஆசைப்பட்டாள். அப்பாவுக்கு வாதம் வந்ததும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. வந்த ஒன்றிரண்டு வரன்களும் நின்றுபோயின. அவளுக்கு என்று மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை சண்டே கிளாஸ் மட்டும்தான். வாரம் ஆறு நாள் மிஷினில் குனிந்து கிடப்பவள், ஞாயிறு காலையில் சேலை கட்டிக்கொண்டு டீச்சராக நடந்து போவாள். அந்த நடையே வேறு.

கம்பெனியில் வீணாகிற தோல் துண்டுகளைக் கேட்டு வாங்கிவந்து பொம்மை செய்வாள். சிங்கத்துக்குப் பிடரி, ராட்சதனுக்குக் கவசம், ஆளை விழுங்குகிற மீன். வேதக் கதையை அவள் சொன்னால் பிள்ளைகள் பெஞ்சு நுனிக்கு வந்துவிடும். கொஞ்ச நாளில், பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த அம்மாக்களும் நின்று கேட்க ஆரம்பித்தார்கள். பெண்கள் கூட்டத்தில் ஒரு நாள் அவளையே செய்தி கொடுக்கச் சொன்னார்கள். லைனில் சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்குகிறவளுக்கு ஆண்டவர் என்ன சொல்வார் என்று பேசினாள். சிரித்தார்கள், அழுதார்கள், இன்னொரு தடவை பேசு என்றார்கள். "பாஸ்டர விட நம்ம எஸ்தரு நல்லா சொல்லுது" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அது அவர் காதுக்குப் போன அடுத்த ஞாயிறு, அவர் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு பெண்கள் பக்கம் வந்தார். நான் அக்கா கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்த வாரம் நான் ஒரு பாவம் பண்ணேன்" என்றார். "நம்ம சகோதரி எஸ்தர் மேல பொறாமைப்பட்டேன். அது நல்லா பேசுது. என்ன விட நல்லா பேசுது. அதக் கேட்டப்போ என் மனசுல ஒரு கெட்ட எண்ணம் வந்துச்சு. இந்தப் பொண்ணுக்குப் பெருமை வந்துடுச்சு, அதான் கல்யாணம் தட்டிப்போவுதுன்னு நெனச்சேன். அப்படி நெனச்சது பாவம். பெருமை அதுக்கில்ல, எனக்குத்தான்."

அப்படியே முழங்கால் போட்டு அவள் காலில் விழுந்தார். அக்கா பதறிப்போய் எழுந்து, "வேணாங்கய்யா, எழுந்திருங்கய்யா" என்று அவர் தோளைப் பிடித்தாள். அவர் எழவில்லை. குனிந்தபடியே மைக்கை மேலே அவள் வாய்க்கு நீட்டினார். "மன்னிச்சிட்டேன்னு சொல்லும்மா. நீ சொல்லாத வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்."

சொன்னால் பாஸ்டரையே மன்னித்தவள். சொல்லாவிட்டால் கல்நெஞ்சுக்காரி. சபை காத்துக்கொண்டிருந்தது. வெளியே கட்டியிருந்த ஸ்பீக்கர் தெரு முழுக்கக் கேட்கிற ஸ்பீக்கர். "மன்னிச்சிட்டேன்" என்றாள். அந்தக் குரல் மெயின் ரோட்டு டீக்கடை வரைக்கும் போனது.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் ஏறினால், "இன்னா எஸ்தரு, பாஸ்டருக்கே மன்னிப்பு குடுத்துட்டியாமே" என்கிறார்கள். சபை மூப்பர் ஒருவரின் மனைவி வீட்டுக்கே வந்து, "வயசானவரு கால்ல விழறாரு, நீ மரம் மாதிரி நின்னுக்கினு இருந்தியே" என்று கேட்டுவிட்டுப் போனாள். பெருமை பிடித்தவளிடம் பிள்ளைகளை அனுப்பலாமா என்று பேச்சு வந்தது. கிளாசுக்குப் பிள்ளைகள் கம்மியாகிக்கொண்டே போனார்கள். ஒரு ஞாயிறு பாஸ்டர், "ஒரு பொண்ணு மேல இவ்ளோ பெரிய பாரத்த வச்சது என் தப்பு. நானே சொமக்கறேன்" என்று மன்னிப்புக் கேட்டு, கிளாசைத் தானே எடுத்துக்கொண்டார். அக்கா அந்தத் தோல் பொம்மைகளை எல்லாம் குப்பை வண்டியில் போட்டாள். நான் தடுத்தேன். "இத வச்சிக்கினு நான் இன்னா பண்ண? உனக்குச் சொல்றதா கதை?" என்றாள்.

அதற்கப்புறம் அவள் கோயிலில் கடைசி பெஞ்சு. பாடமாட்டாள், ஜெபத்துக்குக் கண் மூடமாட்டாள். பாஸ்டரை மட்டும் பார்த்துக்கொண்டே இருப்பாள். கோபத்தில் பார்க்கிறாள் என்று நினைத்திருந்தேன். இல்லை. லைனில் புது ஆள், பழைய டெய்லர் கையை எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குருத்தோலை ஞாயிறு. ஓலையை ஆட்டிக்கொண்டு ஊர்வலம் சுற்றி வந்து எல்லாரும் உட்கார்ந்த பின்னால், ஆண்டவர் தங்களுக்குச் செய்ததைச் சாட்சி சொல்கிறவர்கள் வரலாம் என்றார்கள். அக்கா எழுந்து போய் மைக்கை வாங்கினாள்.

"நான் ஒரு பாவம் பண்ணேன்" என்றாள். குரல் உடைந்து வந்தது. "பாஸ்டர் ஐயா பாடம் எடுக்கறப்போ பிள்ளைங்க தூங்கறதப் பாத்து சந்தோஷப்பட்டேன். ஐயாவுக்கு வசனமெல்லாம் மறந்துபோவுது. போன வாரம் ஒரே கதைய ரெண்டு வாட்டி சொன்னாரு. அதப் பாத்து உள்ளுக்குள்ள சிரிச்சேன். கீழ உக்காந்தா அவரால எழுந்திருக்க முடியல, ஒண்ணுக்கு அடக்க முடியாம வேட்டி நனஞ்சி போவுது. அதப் பாத்தும் நான் போய் ஒரு துண்டு குடுக்கல. அவரு பாவமில்ல. நான்தான் பாவி."

அவருடைய வேட்டி விஷயம் அதுவரை கிளாசில் இருந்த பிள்ளைகளுக்கும், வாசலில் நின்று பார்த்த அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். அக்கா முழங்கால் போட்டு அவர் காலைப் பிடித்தாள். மைக்கை மேலே நீட்டினாள். "மன்னிச்சிட்டேன்னு சொல்லுங்கய்யா."

அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. அடிபட்ட முகம். சபையைப் பார்த்தார். சபை முழுக்க அவர் வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

"மைக்ல சொல்லுங்கய்யா" என்றாள் அக்கா.

"மன்னிச்சிட்டேன்" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆண்கள் பக்கம் அப்பா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கும் சந்தோஷமோ என்னவோ, நான் கேட்கவில்லை. அந்த மாதமே மூப்பர்கள் கூடி, ஐயாவுக்கு ஓய்வு வேண்டும் என்று முடிவு செய்தார்கள். கிளாஸ் அக்கா கைக்கே திரும்பி வந்தது. பாஸ்டர் கலவை ஊர்ப் பக்கம் இருந்த மகன் வீட்டுக்குப் போவது என்று ஏற்பாடாயிற்று. போகிற அன்று கோயில் வாசலில் எல்லாரையும் வரிசையாக நிற்கச் சொல்லி, ஒவ்வொருவரிடமும் கைகூப்பி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தார். எங்கள் அப்பாவிடம் கேட்டார். என்னிடம் கேட்டார். அக்காவுக்கு நேராக வந்து நின்றார். கூப்பின கை தானாகக் கீழே இறங்கியது. ஒன்றும் கேட்காமல் அடுத்த ஆளிடம் போய்விட்டார். மகன் வீட்டுக்குப் போன அந்த வருஷமே அவர் இறந்துபோனார்.

அக்காவின் கிளாசில் இப்போது என் மகள் இருக்கிறாள். எட்டு வயது. ஆரம்பத்தில் பெரியம்மா கிளாஸ் என்றால் குதித்துக்கொண்டு ஓடுவாள். கொஞ்ச நாளாக ஞாயிறு காலையில் வயிறு வலிக்கிறது என்கிறாள். நடிப்பு என்று நினைத்துப் போன வாரம் நானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் நின்று பார்த்தேன். மனப்பாட வசனம் கேட்கிற நேரம். என் மகள் பாதியில் நின்றுவிட்டாள். மற்ற பிள்ளைகள் எல்லாரும் காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்கள்.

அக்கா நாற்காலியை விட்டு எழுந்து வந்தாள். என் மகளுக்கு முன்னால் முழங்கால் போட்டாள். கைகூப்பினாள். "பெரியம்மாவ மன்னிச்சிடு கண்ணு. நீ வீட்டுல டிவி பாத்துக்கினு வசனம் படிக்காம வந்திருக்க. அது உன் தப்பில்ல. உனக்கு ஆசை வர்ற மாதிரி சொல்லித் தராதது என் பாவம்." அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நிஜத் தண்ணீர். "மன்னிச்சிட்டேன்னு சொல்லு கண்ணு."

என் மகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். பாவாடை நுனியைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

நான் உள்ளே போய் அக்காவைத் தனியாக இழுத்தேன். "இன்னாக்கா பண்ற நீ? கொழந்த அது."

"நான் இன்னாடி பண்ணேன்? அடிச்சனா? ஒரு வார்த்தை திட்டுனனா?" அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அவள் கை இரண்டும் சேர்ந்தது. "உன் மனச நோகடிச்சிட்டேன் போல. நான்தான் பாவி" என்று, பிள்ளைகள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே, என் காலுக்குக் குனிந்தாள்.